பெயின்டைப் பார்த்து வருஷம் சொல்லாதீர்கள்: பழைய பெர்குசனும் அதன் சக்கரங்களும்

கொஞ்ச நாள் முன்பு கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். தாத்தா காலத்து மாசி பெர்குசன் 35 டிராக்டர், 1958 மாடல், சக்கரம் முதற்கொண்டு எல்லாம் ஒரிஜினல், நல்ல விலைக்குக் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாமா என்றார். வண்டியைப் பார்க்காமல் நான் எதுவும் சொல்வதில்லை. போய்ப் பார்த்தேன். உருண்டை பானெட், புதிதாக அடித்த சிவப்பு பெயின்ட், புது ஸ்டிக்கர். குனிந்து இன்ஜின் பக்கவாட்டில் இன்ஜெக்டர் பைப்பை, அதாவது சிலிண்டருக்கு ஒன்றாக டீசல் கொண்டுபோகும் சன்னக் குழாயை எண்ணினேன். மூன்று. 1958 என்ற பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

காரணம் இதுதான். இந்த 35 இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து பேனர் லேன் ஆலையில் 1956இல் வெளிவந்தது. அப்போது அதில் இருந்த டீசல் இன்ஜின் ஸ்டாண்டர்டு கம்பெனியின் நாலு சிலிண்டர். பனிக் காலத்தில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் என்று அந்த ஊரில் அதற்குக் கெட்ட பெயர். பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் இன்ஜின் வந்தது 1959 கடைசியில்தான். ஆக மூன்று பைப் உள்ள வண்டியை 1958 என்று ஒருவர் சொன்னால், ஒன்று வருஷம் தப்பு, அல்லது இன்ஜின் பிற்பாடு மாற்றியது. இதில் எது என்று தெரியாமல் விலை பேசக் கூடாது. விற்கிறவருக்கும் சொல்கிறேன், வாங்குகிறவருக்கும் சொல்கிறேன்.

நிறமும் ஒரு சாட்சிதான், ஆனால் மேலே தெரியும் நிறம் இல்லை. 1946 முதல் 1956 வரை வந்த சின்ன பெர்குசன், அதாவது டி.இ.20, உடம்பு முழுக்கச் சாம்பல் நிறம். ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள், அத்தனையும் சாம்பல்தான். அதற்குப் பின் வந்த 35இன் முதல் வண்டிகளில் தகடு சாம்பல், இன்ஜினும் கியர்பாக்ஸும் செம்பு நிறம். சிவப்பு வந்தது 1957 கடைசியில். மாசி ஹாரிஸும் பெர்குசனும் 1953இலேயே சேர்ந்துவிட்டாலும், மாசி பெர்குசன் என்ற பெயர் நிலைத்தது 1958 வாக்கில். அதனால் சிவப்புக்கு அடியில் செம்பு நிறம் தெரிந்தால் அந்த வண்டி ஆரம்ப காலத்தது. அதைச் சுரண்டிப் பார்க்காமல் மணலைப் பீய்ச்சியடித்துப் பெயின்டை உரிக்கும் சாண்ட் பிளாஸ்டிங் செய்யக் கொடுத்துவிடுகிறார்கள், அரை மணி நேரத்தில் அறுபது வருஷத்துச் சாட்சி தூசியாகப் போய்விடுகிறது. எனக்கு உண்மையிலேயே வயிறு எரியும் விஷயம் இது.

எங்கே சுரண்டுவது என்றால், பானெட்டில் இல்லை. பானெட், மட்கார்டு எல்லாம் பலமுறை கழற்றி மாட்டியவை, வேறு வண்டியுடையதாகக்கூட இருக்கும். பின் சக்கரத்துக்குப் போங்கள். இந்த வண்டிகளில் பின் சக்கரம் இரண்டு துண்டு, நடுவில் குழிந்த டிஸ்க், அதைச் சுற்றி போல்ட் போட்ட ரிம். டிஸ்க்கும் ரிம்மின் காதும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் பிரஷ்ஷும் போகாது, ஸ்பிரேயும் போகாது. போல்ட்டைக் கழற்றி அந்த இடத்தைப் பிளேடால் மெதுவாகச் சுரண்டினால் அடுக்கடுக்காக வரும். கும்பகோணத்து வண்டியில் மேலே வெள்ளி, அடுத்து சிவப்பு, மறுபடி வெள்ளி, கடைசியில் இரும்பை ஒட்டிப் பழைய சாம்பல். இடது சக்கரத்தில்தான் இப்படி. வலது சக்கரத்தில் சாம்பலே இல்லை, நீலம் இருந்தது. அப்படியென்றால் அந்த டிஸ்க் வேறு ஏதோ வண்டியிலிருந்து வந்தது. வீட்டுக்காரருக்கு அதுவரை தெரியாது, அவர் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

தகடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங் பக்கம், மீட்டர் பலகையை ஒட்டி வண்டி எண் உள்ள தகடு இருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த டூத் பிரஷ் போதும், உப்புத்தாள் வேண்டாம், எழுத்து போய்விடும். டி.இ.20 என்றால் எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தைப் படியுங்கள், டி.இ.ஏ. என்றால் பெட்ரோல், டி.இ.டி. என்றால் மண்ணெண்ணெய் மாதிரியான எரிபொருள், டி.இ.எஃப். என்றால் டீசல், டீசல் வந்ததே 1951இல்தான். எல்லா வகைக்கும் ஒரே வரிசையில் எண் ஓடியதால், எண்ணை வைத்து வருஷத்தைப் பிடித்துவிடலாம். தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் இன்றைய அலுமினிய பாப் ரிவெட்டாக இருந்தால், தகடு ஒருமுறை கழன்றிருக்கிறது என்று வைத்துக்கொண்டு இன்ஜின் எண்ணையும் ஆர்.சி. புக்கையும் சேர்த்துப் பாருங்கள். பழைய ஆர்.சி.யில் உள்ள தேதி பதிவு செய்த தேதி, வண்டி ஆலையை விட்டு வந்த தேதி இல்லை. இந்த வண்டியின் ஆர்.சி.யில் இருந்தது 1961, இன்ஜின் எண்ணும் பொருந்தியது. ஆக இன்ஜின் மாறவில்லை, வீட்டில் சொல்லிவந்த வருஷம்தான் இரண்டு மூன்று வருஷம் முன்னால் போயிருந்தது.

சரி, சக்கரம் ஒரிஜினலா என்று எப்படிப் பார்ப்பது? முதலில் அளவு. முன் எண் டயரின் அகலம், பின் எண் ரிம்மின் குறுக்களவு, இரண்டும் அங்குலத்தில். டி.இ.20க்கு முன்னால் 4.00-19, பின்னால் 10-28. அடுத்து வந்த 35இல் முன்னால் 4.00-19 அல்லது 6.00-16, பின்னால் 10-28 அல்லது 11-28. இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். இன்றைய டயரில் 12.4-28 என்று இருக்கிறதே, பெரிய டயர் மாட்டிவிட்டார்கள் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. பழைய 11-28தான் இப்போதைய 12.4-28, பழைய 10-28தான் இப்போதைய 11.2-28. எண் போடும் முறை மாறியதுதான், சில டயர்களில் 12.4/11-28 என்று இரண்டையும் சேர்த்தே போட்டிருப்பார்கள். டயரை வைத்து முடிவு செய்யாமல் ரிம்மில் குத்தியிருக்கும் எண்ணைத் தேடுங்கள், பெரும்பாலும் வால்வு ஓட்டைப் பக்கம் துருவுக்கு அடியில் இருக்கும்.

அப்புறம், டிஸ்க் உள்பக்கம் குழிந்திருக்கிறதே, வெளிப்பக்கம் குழிந்திருக்கிறதே என்று பார்த்து மாற்றுச் சக்கரம் என்று சொல்லாதீர்கள். டிஸ்க்கைத் திருப்பியும் ரிம்மை இடம் மாற்றியும் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே உள்ள அகலத்தை நாலு நாலு அங்குலமாகக் கூட்டிக் குறைக்கத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் சக்கரத்தைத் திருப்பியவர் இடதை வலதுக்கு மாற்ற மறந்திருந்தால் டயர் பட்டன், அதாவது டயரில் சாய்வாக எழும்பி நிற்கும் ரப்பர் கட்டைகள், தலைகீழாக நிற்கும். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் பட்டன் கூரை முகடு மாதிரி மேல்நோக்கி இருக்க வேண்டும். கீழ்நோக்கி இருந்தால் சேற்றில் பிடிப்பு இருக்காது.

டெல்டா வண்டிகளில் இன்னொன்றும் பாருங்கள். சேற்று வயலில் ஓட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீல் மாட்டுவதற்காக டிஸ்க்கில் கூடுதலாக ஓட்டை போட்டிருப்பார்கள், வெல்டிங் வைத்திருப்பார்கள். ஆலையில் போட்ட ஓட்டை விளிம்பு சுத்தமாக இருக்கும், பட்டறையில் கேஸ் வைத்து எரித்த ஓட்டை கோணல்மாணலாக இருக்கும். அப்படி இருந்தால் வண்டி மட்டம் என்று அர்த்தமில்லை, உழைத்த வண்டி. ஆனால் ஓட்டைக்கு ஓட்டை விரிசல் ஓடியிருக்கிறதா என்று கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

கும்பகோணத்து வண்டியில் வலது டிஸ்க்கோடு ரிம்மும் மாறியிருந்தது. இடது 10-28, வலது 11-28. வண்டி லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நின்றதை வருஷக்கணக்கில் தரை மேடு பள்ளம் என்று நினைத்திருக்கிறார்கள். இரண்டு டயரிலும் தரை தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, நேர் ரோட்டில் மெதுவாக ஐந்து சுற்று ஓட்டச் சொன்னேன். ஒரு கோடு தரைக்கு வரும்போது மற்றது எங்கோ மேலே நின்றது. இந்த நிலையில் வண்டி நேராகப் போகும்போதுகூட இரண்டு பின் சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பான டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும், கலப்பையும் ஒரு பக்கம் ஆழமாக, ஒரு பக்கம் மேலாக இறங்கும்.

உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பாரத்துக்காக டயரில் தண்ணீர் ஏற்றிய பழைய வண்டிகளில் வால்வு ஓட்டையைச் சுற்றி ரிம் உள்ளுக்குள் அரித்திருக்கும், வெளியே பெயின்ட் நன்றாகவே இருக்கும். ஒரிஜினல் ரிம் என்று ஆசைப்பட்டு அதை வெல்டிங் வைத்துக் காப்பாற்ற நினைப்பவர்கள், டயரை முழுக்கக் கழற்றாமல் வெல்டிங் ராடைக் கிட்டே கொண்டுபோகவே கூடாது. காற்றை இறக்கிவிட்டோம், வால்வு ஊசியை எடுத்துவிட்டோம் என்பதெல்லாம் போதாது. சூட்டில் ரப்பர் உள்ளே வாயுவாகி வெடிக்கும். அரித்த ரிம் போனால் இன்னொன்று தேடலாம்.

கிளம்பும் முன் அவர்கள் மாட்டுக் கொட்டகையைப் பார்க்க வேண்டும் என்றேன். பழைய வண்டி உள்ள வீட்டில் நான் எப்போதும் கேட்பது அது, காயலான் கடைக்குப் போகாத இரும்பு அங்கேதான் கிடக்கும். வலது டிஸ்க் கிடைக்கவில்லை. ஆனால் ஓரமாக ஒரு கன்றுக்குட்டி கட்டியிருந்தது, கயிறு மண்ணில் பாதி புதைந்த ஓர் இரும்பு வளையத்தில். தோண்டி எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். ஐந்து போல்ட் ஓட்டை, சன்னமான ரிம், விளிம்பில் 19 என்ற எண். வண்டியில் இப்போது இருப்பது 16 அங்குல முன் சக்கரம். வீட்டுக்காரர் அந்த ரிம்மைத் துண்டால் துடைத்துத் திண்ணையில் சாய்த்து வைத்தார், விலை பேச வந்தவரிடம் அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டு இன்னொரு ரிம்மைத் தேட ஆரம்பித்திருக்கிறார்.