மேக்ரோபேஜ்: தமிழில் பெருவிழுங்கி

டாட்டூ மை தோலுக்குள் போய் என்ன ஆகிறது என்று படிக்க ஆரம்பித்தால் மேக்ரோபேஜ் என்ற சொல்லைத் தாண்டிப் போகவே முடியாது. திசுக்களில் குடியிருக்கும் நோய் எதிர்ப்பு செல் இது. கிருமி, செத்த செல், தூசு என்று எது வந்தாலும் வளைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கிரேக்கத்தில் மாக்ரோஸ் என்றால் பெரிய, ஃபாகெய்ன் என்றால் தின்பது. பெயர் வைத்தவர் ரஷ்ய விலங்கியலாளர் மெச்னிகோவ். 1882-ல் இத்தாலியின் மெசினாவில் நட்சத்திர மீனின் லார்வாவுக்குள் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார், மறுநாள் பார்த்தால் முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்துக் கிடந்தன (டாட்டூ ஊசிக்கும் தோல் இதையேதான் செய்கிறது). 1908-ல் ஜெர்மன் மருத்துவ ஆய்வாளர் பால் எர்லிக்கோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கிரேக்கச் சொல்லை அப்படியே பெயர்த்தால் 'பெருந்தின்னி' என்று வரும், ஆனால் பெருவிழுங்கிதான் சரி என்பேன், ஏனென்றால் பச்சை குத்தும்போது நடப்பது விழுங்குவது மட்டும்தான், செரிப்பது கிடையாது. மேல்தோல் உதிர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருக்கும், அங்கே மை தங்காது. ஊசி அதையும் தாண்டி உள்தோலில் மையை இறக்குகிறது. பெருவிழுங்கிகள் ஓடிவந்து நிறத்துகள்களை விழுங்குகின்றன, ஆனால் கறுப்பு மையின் கார்பனையோ வெள்ளை மையின் டைட்டானியம் டை ஆக்சைடையோ உடைக்க அவற்றின் நொதிகளால் ஆகாது. வயிற்றில் கல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாதிரிதான். நாம் பார்க்கிற படம் பெரும்பாலும் இந்த செல்களுக்குள் இருக்கும் மைதான். தோலின் நார்களை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களிலும் கொஞ்சம் இருக்கும்.

அந்த செல் செத்தால்? 2018-ல் பிரான்சின் மார்சே நகர ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், எலி வாலில் பச்சை குத்தி அங்கிருந்த பெருவிழுங்கிகளைக் கொன்றுவிட்டுப் பார்த்தார்கள், படம் மாறவே இல்லை. செத்த செல் கக்கிய மையைப் புதிதாக வந்த செல்கள் அங்கேயே விழுங்கிவிட்டன. லேசர் வைத்து அழிக்கப் பல அமர்வுகள் தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்: லேசர் செல்லைக் கொன்று மையைப் பொடியாக்குகிறது, பொடியில் ஒரு பங்கு நிணநீரோடு போகிறது, மீதியை அக்கம்பக்கத்து செல்கள் விழுங்கிவிடுகின்றன. போன பங்கும் முழுதாக வெளியேறுவதில்லை, நிணநீர்க் கணுக்களில் சேர்ந்து அவற்றுக்கும் நிறம் ஏற்றிவிடும்.

எல்லாருக்கும் இது அமைதியாக முடிவதில்லை. சிலருக்கு, அதிலும் சிவப்பு மையில், ஒவ்வாமை வந்து அந்த இடம் தடித்து அரிக்கும். பெருவிழுங்கிகள் கும்பலாகத் திரண்டு முடிச்சுப் போட்டால் அதற்கு கிரானுலோமா என்று பெயர்.

அப்புறம், மேக்ரோபேஜை பாக்டீரியோபேஜோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது செல்லே இல்லை, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்.