தொட்டில் இருக்கிறது, குழந்தை எங்கே?

தொழிற்சாலைகளில் ஊழியர்களின் பிள்ளைகளுக்காக என்று வைத்து, ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் திறக்கும் குழந்தைகள் காப்பகங்கள் உண்டு. சுவரில் முயல், அணில் படங்கள். மூலையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத தொட்டில்கள். "நாங்கள் அறை கட்டிக் கொடுத்துவிட்டோம், அம்மாக்கள்தான் பிள்ளையைக் கொண்டுவருவதில்லை" என்று நிர்வாகம் சொல்லும். அந்தப் பெண்களிடம் விசாரித்தால், காரணம் பெரும்பாலும் அறைக்கு வெளியேதான் இருக்கும்.

சட்டத்துக்காக ஆட்களை எண்ணும்போதே முதல் தவறு நடக்கிறது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 48-ஆம் பிரிவு, 30-க்கு மேல் பெண் தொழிலாளர்கள் இருந்தால் காப்பகம் வேண்டும் என்றது. அந்தப் பழக்கத்தில் இன்றும் பெண்களை மட்டும் எண்ணுகிறார்கள். மகப்பேறு பயன்கள் சட்டத்தில் 2017-இல் சேர்ந்த 11ஏ பிரிவின் கணக்கு வேறு: ஆண், பெண் சேர்த்து 50 ஊழியர்கள் இருந்தாலே காப்பகம் வேண்டும் என்றது. அதன் இடத்துக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 67-ஆம் பிரிவிலும் அதே 50தான். 45 ஆண்களும் 5 பெண்களும் உள்ள நிறுவனமும் இதில் அடங்கும். தனியாக நடத்த முடியாதவர்கள் பக்கத்து நிறுவனங்களோடு சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தலாம். அம்பத்தூர், கிண்டி போன்ற தொழிற்பேட்டைகளில் உள்ள சிறு பட்டறைகளுக்கு இதுவே நடைமுறைக்கு ஒத்துவரும் வழி.

அடுத்தது வயது. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 6 மாதம் முதல் 6 வயது வரை என்கின்றன. மகப்பேறு விடுப்பு 26 வாரம். அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்தவர் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு 18 வாரம்தான், நான்கு மாதத்துக்குச் சற்றே கூடுதல். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உள்ளவருக்கு விடுப்பே 12 வாரம். "ஆறு மாதம் முடியட்டும்" என்று காப்பகம் சொன்னால், இடையில் அந்தக் கைக்குழந்தையை யார் பார்ப்பது? வேலையை விடும் முடிவு பல பேருக்கு இந்த இடைவெளியில்தான் வருகிறது. கைக்குழந்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; அதற்கேற்ப ஆயாக்களைக் கூட்டுங்கள்.

பின்னலாடை, நூற்பாலை ஊழியர்கள் கம்பெனி வேனில் வருகிறார்கள். ஆள் நெருக்கி ஏற்றும் வேனில், இரவு ஷிப்ட் முடிந்து எந்தத் தாயும் பிள்ளையோடு வரமாட்டார். வேனில் இருக்கை ஒதுக்காமல் தொட்டில் வாங்குவது வீண்செலவு.

தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை காப்பகத்துக்குப் போய்வரச் சட்டம் அனுமதிக்கிறது; குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளைகளும் உண்டு. ஆனால் தையல் லைனில் ஒருவர் எழுந்தால் அடுத்த மெஷினில் வேலை தேங்கும், சூப்பர்வைசர் முகம் சுளிப்பார், பீஸ் ரேட்டில் (தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலியில்) இருப்பவருக்குக் கூலியும் குறையும். இரண்டு வாரத்தில் அந்தத் தாய் போவதையே நிறுத்திவிடுவார், பாலும் வற்றிப்போகும். லைனுக்கு ஒரு மாற்று ஆளைப் போடுங்கள். பாலூட்டும் நேரத்துக்கு அவருடைய சராசரிக் கூலியைக் கணக்கில் சேருங்கள்.

அறைக்கு வருவோம். அது தரைத்தளத்தில் இருக்க வேண்டும்; பாய்லர், சாயப் பட்டறை, பஞ்சுத் தூசி பறக்கும் பகுதி ஆகியவற்றிலிருந்து தொலைவில் இருக்க வேண்டும். ஒரு குழந்தைக்கு 10 முதல் 12 சதுர அடி என்பது குறைந்தபட்சம் மட்டுமே. 30 குழந்தைகளுக்கு 360 சதுர அடி, சமையலும் கழிப்பறையும் தனி. தவழும் குழந்தைகளுக்கு இது போதாது, இருமடங்கு வையுங்கள். மூன்று வயதுக்குள் 10 பேருக்கு ஒரு பணியாளர் என்ற விகிதமும் குறைந்தபட்சம்தான், போதாது. தீப்பிடித்தால் ஒருவர் எத்தனை கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியும்? ஒரு வயதுக்குள் மூன்று, நான்கு பேருக்கு ஒருவர் வேண்டும். சக்கரம் வைத்த தொட்டில் இருந்தால் நான்கு பேரை ஒரே தள்ளலில் வெளியேற்றலாம்.

தூளியில் தூங்கும் குழந்தையைக் கண்பார்வையில் வைத்திருக்க வேண்டும். துணி முகத்தை மூடிவிடும். தரையில் கிடத்தினால் மல்லாக்க, தலையணை இல்லாமல். குளியலறை வாளியில் தண்ணீர் மிச்சம் இருக்கக் கூடாது. நிலக்கடலை, முழுத் திராட்சையை நான்கு வயதுவரை அப்படியே கொடுக்க வேண்டாம்.

பீய்ச்சிய தாய்ப்பால் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும். நம்மூர் வெயிலில் அதை நம்பாமல் உடனே குளிர்ப்பெட்டியில் வையுங்கள். 4 டிகிரியில் நான்கு நாள் இருக்கும். குழந்தையின் பெயரும் பீய்ச்சிய நேரமும் ஒட்டியிருக்க வேண்டும், பெயர் மாறினால் பால் மாறிவிடும். வெந்நீரில் பாத்திரத்தை வைத்துச் சூடாக்குங்கள், மைக்ரோவேவ் வேண்டாம். குழந்தை குடித்து மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும்.

100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் இருந்தாலும் வயிற்றுப்போக்கு இருந்தாலும் அன்று காப்பகத்தில் விடக் கூடாது. இந்த விதி தாயின் சம்பளத்தைப் பிடித்தால், மருந்து கொடுத்துக் காய்ச்சலை மறைத்துக் கொண்டுவருவார்கள், நான்கே நாளில் மற்ற பிள்ளைகளுக்கும் பரவும். அந்த நாட்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தால்தான் விதி நிற்கும்.

புதிதாகச் சேரும் குழந்தைக்கு முதல் வாரம் பழகும் வாரம். முதல் நாள் தாய் கூடவே இருக்கட்டும், இரண்டாம் நாள் ஒரு மணி நேரம் விலகட்டும், பிறகு அரை நாள், பிறகு முழு நாள். அந்த வாரத்துக்கு முழுச் சம்பளம் உண்டென்று சேர்க்கைப் படிவத்திலேயே எழுதிக் கொடுங்கள்.