எல்லை முகவரகத்திடம் உங்கள் கோப்பைக் கேட்பது எப்படி? மறைத்தால் காரணம் சொல்ல வேண்டுமா?

கனடாவுக்குள் நுழையும்போது உங்களைக் கேள்வி கேட்ட அலுவலர் கணினியில் ஏதோ பதிந்துகொண்டே இருந்திருப்பார். அவர் பதிந்ததைப் படிக்கச் சட்டப்படி உங்களுக்கு உரிமை உண்டு. நம்மவர்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும், வந்த பக்கங்களில் பாதி கறுப்பு மை பூசியிருந்தால் அதோடு விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கனடா எல்லைச் சேவைகள் முகவரகம் 2003 டிசம்பரில் உருவானது. சுங்கம், குடிவரவுச் சட்ட அமலாக்கம், எல்லையில் உணவு மற்றும் தாவரப் பரிசோதனை ஆகியவை ஒரே நிர்வாகத்துக்குள் வந்தன. உங்கள் நுழைவுப் பதிவு, இரண்டாம் கட்டச் சோதனையில் அலுவலர் எழுதிய குறிப்பு, பறிமுதல் செய்த பொருளின் விவரம், தடுத்துவைப்பு, நாடுகடத்தல் ஆணை தொடர்பான கோப்பு எல்லாம் இந்த முகவரகத்திடம் இருக்கும். விசா, நிரந்தர வதிவுரிமை, குடியுரிமை விண்ணப்பங்களின் கோப்பு வேறு இடம்; அது குடிவரவுத் திணைக்களத்திடம் இருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான இடத்தில் கேட்பதால் மாதக்கணக்கில் காலம் வீணாகிறது.

கேட்பதற்கு இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. இரண்டுமே 1983 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தவை. உங்களைப் பற்றிய தகவல் வேண்டுமென்றால் தனியுரிமைச் சட்டம். அதற்குக் கட்டணமே இல்லை. முகவரகத்தின் பொதுவான ஆவணங்கள், கொள்கைக் குறிப்புகள், உள் மின்னஞ்சல்கள், அறிக்கைகள் வேண்டுமென்றால் தகவல் அணுகல் சட்டம். அதற்கு 5 டொலர். தன் சொந்தக் கோப்புக்காக 5 டொலரும், அதற்கு மேல் வெளியே இருக்கும் இடைத்தரகர் ஒருவருக்கு நூற்றுக்கணக்கான டொலரும் கொடுத்தவர்கள் உண்டு. தேவையே இல்லை. இணையத்திலேயே நீங்களே விண்ணப்பிக்கலாம்.

தகவல் அணுகல் சட்டத்தின் கீழ்க் கேட்பவர் கனேடியக் குடிமகனாகவோ நிரந்தர வதிவாளராகவோ கனடாவுக்குள் இருப்பவராகவோ இருக்க வேண்டும். தனியுரிமைச் சட்டத்திலும் முன்பு இப்படியொரு வரம்பு இருந்தது. 2022 ஜூலை முதல் அது நீங்கிவிட்டது. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருந்துகொண்டு, கனேடிய எல்லையில் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர் தன் கோப்பைத் தானே கேட்கலாம். நாடுகடத்தப்பட்டவர்களுக்கு இது பெரிய விஷயம். இங்கே இருக்கும் உறவினர் ஒருவரோ சட்டத்தரணியோ உங்களுக்காகக் கேட்பதானால், நீங்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தை இணைக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் எதை எழுதுகிறோம் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. “என்னைப் பற்றிய எல்லாம் வேண்டும்” என்று எழுதினால் தேடுவதும் தாமதமாகும், கிடைப்பதும் குழம்பும். எந்த விமான நிலையம் அல்லது எந்த எல்லைப் பாலம், எந்தத் தேதி, என்ன நடந்தது என்று எழுதுங்கள். அலுவலரின் குறிப்புகள், கணினிப் பதிவுகள், அன்று உங்களிடம் வாங்கிய பொருள்களின் பட்டியல் என்று வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பிறந்த தேதியையும், இப்போதைய கடவுச்சீட்டு எண்ணோடு பழைய கடவுச்சீட்டுகளின் எண்களையும் கொடுங்கள். நம் பெயர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. தந்தையின் பெயர் ஒரு கடவுச்சீட்டில் குடும்பப் பெயராகவும், இன்னொன்றில் முதற்பெயராகவும், மூன்றாவதில் வெறும் முதலெழுத்தாகவும் நிற்கும். எல்லா எழுத்துக்கூட்டலையும் விண்ணப்பத்தில் எழுதாவிட்டால் “பதிவு எதுவும் இல்லை” என்று பதில் வரலாம், கோப்பு வேறொரு பெயரில் பத்திரமாக இருக்கும்போதே. கண்காணிப்புக் கமராப் பதிவு தேவைப்பட்டால் அன்றோ மறுநாளோ கேட்டுவிடுங்கள். அதையெல்லாம் நீண்ட நாள் வைத்திருக்க மாட்டார்கள்.

குடியுரிமைக்காகக் கனடாவில் இருந்த 1,095 நாளைக் கணக்குப் போடுகிறவர்களும், வதிவுரிமை அட்டையைப் புதுப்பிக்க அப்படி 730 நாளைக் காட்ட வேண்டியவர்களும் பெரும்பாலும் கேட்பது பயண வரலாற்று அறிக்கை. அதில் நுழைவுகள் இருக்கும். வெளியேறியவை எல்லாம் இருக்காது. தரைவழியாக வெளியேறும் அனைவரின் விவரமும் 2019 ஜூலையில் இருந்துதான் சேகரிக்கப்படுகிறது. விமானத்தில் வெளியேறுவோரின் விவரம் 2020 ஜூனில் இருந்து. அதற்கு முன் நீங்கள் கொழும்புக்கு எப்போது புறப்பட்டீர்கள் என்று இந்த அறிக்கையில் தேடாதீர்கள். கடவுச்சீட்டு முத்திரையும் பயணச்சீட்டும்தான் கைகொடுக்கும்.

விண்ணப்பம் கிடைத்த 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். காலத்தை நீட்டிக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது; தனியுரிமைச் சட்டத்தில் பொதுவாக மேலும் 30 நாள் வரைதான். நீட்டித்தால் அதையும் உங்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். எந்த அறிவிப்பும் இல்லாமல் காலக்கெடு கடந்துவிட்டால், சட்டத்தின் பார்வையில் அது மறுப்புக்குச் சமம். அந்த நாளிலிருந்தே நீங்கள் முறையிடலாம். தபால் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

இனி அந்தக் கறுப்புப் பட்டைகள். ஒரு வரியை மறைத்தால் அதற்குச் சட்டத்தின் எந்தப் பிரிவு அனுமதி தருகிறது என்று முகவரகம் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். இது அவர்கள் பெருந்தன்மையாகச் செய்வதல்ல, சட்டம் விதித்த கடமை. பெரும்பாலும் அந்தப் பிரிவின் எண் பட்டைக்கு அருகிலேயே சிறிதாக அச்சிட்டிருக்கும். பக்கத்தை மூடிவைப்பதற்கு முன் அந்த எண்ணைப் பாருங்கள்.

தகவல் அணுகல் சட்டத்தில் 13 என்று இருந்தால், இன்னொரு அரசு நம்பிக்கையின் பேரில் கொடுத்த தகவல். 15 என்றால் சர்வதேச உறவு, பாதுகாப்பு. 16 என்றால் சட்ட அமலாக்கமும் விசாரணையும். எல்லை முகவரகத்தின் கோப்புகளில் நீங்கள் அடிக்கடி காணப்போவது இதைத்தான். 19 என்றால் வேறொருவரின் தனிப்பட்ட விவரம். 21 என்றால் அரசுக்குள் அலுவலர்கள் கொடுத்த ஆலோசனை. 23 சட்டத்தரணியோடு நடந்த உரையாடல். 24 என்பது வேறு சட்டங்கள் விதிக்கும் தடை. சுங்கச் சட்டத்தின் 107ஆம் பிரிவு இதற்குள் வருகிறது. அதனால்தான் இன்னொரு வியாபாரி என்ன இறக்குமதி செய்தார் என்று கேட்டால் கதவு மூடியே இருக்கும். அமைச்சரவை இரகசியங்களுக்கு இந்தச் சட்டம் பொதுவாக 20 ஆண்டுகள் வரை பொருந்தவே பொருந்தாது. தனியுரிமைச் சட்டத்தில் எண்கள் வேறு: 21 சர்வதேச விவகாரம், 22 சட்ட அமலாக்கம், 26 மற்றவரைப் பற்றிய தகவல்.

இவற்றில் சில கட்டாயத் தடைகள். அலுவலர் விரும்பினாலும் தர முடியாது. தகவல் அணுகல் சட்டத்தின் 13, 19, 24 அப்படிப்பட்டவை. அதே சட்டத்தின் 15, 16, 21 ஆகியவற்றில் நிலைமை வேறு. பெரும்பாலும் அங்கே மறைக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, மறைத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. தரலாமா என்று அலுவலர் யோசித்து முடிவெடுத்திருக்க வேண்டும். அதிலும் 15ஆம் பிரிவிலும் 16ஆம் பிரிவின் சில பகுதிகளிலும், வெளியிட்டால் தீங்கு நேரும் என்று எதிர்பார்க்க நியாயமான அடிப்படை இருக்க வேண்டும். வெறும் ஊகம் போதாது என்பதை, இதே சட்டத்தின் இன்னொரு பிரிவில் வரும் அதே மாதிரியான சொற்களை வைத்து, கனேடிய உச்ச நீதிமன்றம் 2012இல் மேர்க் ஃபிராஸ்ட் வழக்கில் தெளிவாக்கியது. பத்து வருடங்களுக்கு முந்தைய ஒரு சாதாரணச் சுங்கச் சோதனையின் குறிப்பை 16ஆம் பிரிவின் கீழ் முழுவதும் மறைத்திருந்தால், அதைக் கேள்வி கேட்க உங்களிடம் காரணம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் மறைக்க வேண்டிய வரி இருந்தால் அந்த வரியை மட்டும் மறைத்து மற்றதைத் தர வேண்டும் என்று 25ஆம் பிரிவு சொல்கிறது. பக்கம் முழுவதும் கறுப்பாக இருந்தால் இந்த ஒரு பிரிவைச் சுட்டிக்காட்டியே முறையிடலாம்.

“அப்படியொரு பதிவு இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டோம்” என்று சில நேரம் பதில் வரும். அதுவும் சட்டம் அனுமதிக்கும் பதில்தான். ஆனால் அப்போதும், பதிவு இருந்திருந்தால் எந்தப் பிரிவின் கீழ் மறுக்கப்பட்டிருக்கும் என்று குறிப்பிட வேண்டும்.

மறைக்க வேண்டியவை உண்மையிலேயே சில உண்டு. துப்புக் கொடுத்தவரின் பெயரோ, போதைப்பொருள் தேடும் முறையோ வெளியே வரக் கூடாது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் சமூகத்துக்கு இந்தச் சட்டத்தின் அருமை தெரிந்திருக்க வேண்டும். 2010 ஆகஸ்டில் எம்.வி. சன் சீ கப்பலில் 492 தமிழர்கள் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். பலர் மாதக்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டார்கள். அவர்கள் விஷயத்தில் அரசு அலுவலர்கள் தமக்குள் எழுதிக்கொண்டவற்றில் ஒரு பகுதி பிறகு வெளியே வந்தது, யாரோ இந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதிக் கேட்டதால்தான்.

முறையிட வேண்டிய இடமும் இரண்டு. தகவல் அணுகல் விண்ணப்பம் என்றால் தகவல் ஆணையரிடம். மறுப்புக் கடிதம் கிடைத்த 60 நாளுக்குள். தனியுரிமை விண்ணப்பம் என்றால் தனியுரிமை ஆணையரிடம். இரண்டிற்கும் கட்டணம் இல்லை. முறைப்பாட்டில் நீண்ட கதை வேண்டாம்: விண்ணப்ப எண், எந்தப் பக்கம், எந்தப் பிரிவு, ஏன் அது பொருந்தாது என்று நினைக்கிறீர்கள் என்பது போதும். 2019 ஜூன் முதல் தகவல் ஆணையர் ஆவணத்தை வெளியிடும்படி உத்தரவே போடலாம். தனியுரிமை ஆணையர் அணுகல் முறைப்பாடுகளில் பரிந்துரை மட்டுமே செய்ய முடியும். ஆணையரின் விசாரணை முடிந்த பிறகு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போகும் வழி இரண்டிலும் திறந்திருக்கிறது.

கோப்பு கையில் வந்து, அதில் எழுதியிருப்பது பிழை என்றால், கனடாவில் இருப்பவர்கள் தனியுரிமைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின் கீழ்த் திருத்தம் கேட்கலாம். திருத்த மறுத்தால், நீங்கள் திருத்தம் கேட்டீர்கள் என்ற குறிப்பை அந்தக் கோப்போடு இணைக்கச் சொல்லலாம். திருத்தம் கேட்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தத் தகவலை வேறு யாருக்காவது பயன்பாட்டுக்குக் கொடுத்திருந்தால், அவர்களுக்கும் இதை அறிவிக்கும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.