மாட்டுக்குப் போட்ட ஊசி

மூன்று நாள் காய்ச்சல் கண்ட மாடு லேசில் எழுந்து நிற்காது. காலை ஊன்ற முடியாமல் கிடக்கும், வாயில் எச்சில் ஒழுகும். "வலி குறையறதுக்கு ஏதாச்சும் போடுங்க டாக்டர்" என்று வீட்டம்மா கெஞ்சுவார். 1990களின் கடைசியில் கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த நான், அப்போது பையிலிருந்து எடுத்தது டைக்குளோஃபினாக். விலை குறைவு, உடனே கேட்கும். சாயங்காலம் மாடு எழுந்து தவிட்டுத் தண்ணீர் குடிக்கும். எனக்கும் ஊருக்குள் நல்ல பெயர்.

அதே மருந்துதான் பாறுகளைக் கொன்றுகொண்டிருந்தது. பிணந்தின்னிக் கழுகு என்கிறோமே, அந்தப் பறவை. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. தொற்றுநோயோ, பூச்சிமருந்தோ என்று தேடிக்கொண்டிருந்தார்கள். பாகிஸ்தானில் செத்த பாறுகளை ஆராய்ந்தவர்கள் 2004இல்தான் காரணத்தைச் சொன்னார்கள். அறுத்துப் பார்த்தால் ஈரல், இதயத்தின் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைப் படிவு. பண்ணைக் கோழிகளை அறுத்துப் பார்க்கும்போது இதை நானும் கண்டிருக்கிறேன். சிறுநீரகம் பழுதானால் யூரிக் அமிலம் வெளியேற வழியில்லாமல் இப்படித்தான் உறுப்புகளின் மேல் படியும். ஊசி போட்ட கொஞ்ச நாளில் செத்த மாட்டின், மருந்து தங்கிய இறைச்சியைத் தின்றால் பாறின் சிறுநீரகம் பழுதாகி, சில நாட்களில் அது செத்துப்போகும்.

எப்போதோ போடும் ஓர் ஊசியால் ஓர் இனமே அழியுமா என்று கேட்பார்கள். செத்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரே மாட்டைச் சுற்றிப் பல பாறுகள் கூடித் தின்னும் அல்லவா? போனதை ஈடுகட்டவும் முடியாது. வருடத்துக்கு ஒரு முட்டைதான், அதுவும் ஐந்து வயதையொட்டித்தான் இடத் தொடங்கும்.

2006இல் கால்நடைக்கு டைக்குளோஃபினாக் தடை செய்யப்பட்டது. அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மனிதர்களுக்கான 30 மில்லி டைக்குளோஃபினாக் குப்பிகள் மாட்டுக் கொட்டகைக்கு வந்தன. அதை 3 மில்லியாகக் குறைக்க 2015 ஆயிற்று. அசிக்குளோஃபினாக் என்ற இன்னொரு வலி மருந்து மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்குளோஃபினாக்காகவே மாறும். அதையும், பாறுகளுக்கு ஆகாத கீட்டோப்ரோஃபென் என்ற வலி மருந்தையும் கால்நடைக்குத் தடை செய்தது 2023இல்தான். இத்தனைக்கும் மெலாக்சிகம் என்ற வலி மருந்து பாறுகளுக்குக் கெடுதல் செய்யாது என்பது 2006இலேயே தெரியும். மாட்டுக்கும் அது நன்றாகவே கேட்கிறது. இன்று என் பையில் இருப்பது அதுதான்.

திருக்கழுக்குன்றத்தில் உச்சி வேளையில் பொங்கல் தின்ன வந்த மஞ்சள்முகப் பாறுகள் இப்போது வருவதில்லை. நீலகிரியை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்கில் வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு என இன்னும் சில இருக்கின்றன. அங்கே இன்னொரு ஆபத்தும் உண்டு. புலியோ சிறுத்தையோ அடித்த மாட்டின் மேல் ஆத்திரத்தில் விஷம் தடவிவிடுகிறார்கள். புலிக்கு வைத்ததைப் பாறும் தின்கிறது. மாடு போனால் வனத்துறையில் இழப்பீடு கேளுங்கள், விஷம் வைக்காதீர்கள்.

மாடு வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். ஊசி போட வருபவர் யாராக இருந்தாலும், போடுவதற்கு முன்பே குப்பியை வாங்கிப் பெயரைப் படியுங்கள். தடை செய்த மருந்து என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். என்ன மருந்தென்று தெரியாமல் வலி ஊசி போட்ட மாடு இரண்டு மூன்று நாளில் செத்துவிட்டால், திறந்தவெளியில் இழுத்துப் போடாமல் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.