முற்றத்து வெயிலும் மீன்தொட்டிச் செடியும்

காரைக்குடி பக்கத்து வீடுகளில் மீன்தொட்டி அமைத்துப் பராமரித்துத் தருவது என் தொழில். செடிகள் அழுகுகின்றன என்று அழைப்பு வந்தால், பாதி நேரம் தொட்டி முற்றத்தை ஒட்டிய தூணோரம், நேர் வெயிலில்தான் இருக்கும். “செடிக்கு வெயில்தானே தம்பி வேணும்?” என்று ஆச்சிமார் கேட்பார்கள். தரையில் வளரும் செடிக்குச் சரி. தொட்டிக்குள் அந்த வெயிலில் கொழுப்பது பாசிதான். அது இலைமேல் படர்ந்து செடிக்குப் போகிற வெளிச்சத்தையும் மறைத்துவிடும். சித்திரை வெயிலில் தண்ணீரும் சூடேறும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். இரவில் செடியும் ஆக்சிஜன் எடுப்பதால், விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். தொட்டியை உள்பக்கச் சுவரோரம் வைத்து, எல்இடி விளக்கை 6 முதல் 8 மணி நேரம் மட்டும் எரியவிடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆளை வைத்துவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் டைமர் மாட்டிவிடலாம்.

அடுத்தது தண்ணீர். காரைக்குடிக்குக் குடிநீர் தரும் சம்பை ஊற்று பேர்பெற்ற தண்ணீர்தான், ஆனால் குழாயில் குளோரின் கலந்து வந்தால் வாளியில் ஒருநாள் திறந்து வைத்துத்தான் ஊற்ற வேண்டும். உப்பு அதிகமுள்ள போர் தண்ணீர் என்றால் நாடாபோல நீண்ட இலையுள்ள வாலிஸ்நீரியா செடி வையுங்கள். கடின நீரிலும் அது பிழைக்கும். இலைமேல் வெள்ளையாகப் படிவது நோயல்ல, சுண்ணாம்பு. ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றினால் செடிக்கு வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும் கிடைக்காது, கலந்து ஊற்றுங்கள்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ஆகிய தொட்டிச் செடிகள் இரண்டுக்கும் தடித்த கிழங்குத்தண்டு உண்டு. அதை மணலில் புதைத்தால் அழுகும். நூலால் கல்லிலோ மரத்துண்டிலோ கட்டுங்கள். மணலில் வேர்விடும் கிரிப்டோகோரைன் செடியின் கதை வேறு. இடம் மாறியதும் இலைகள் கண்ணாடிபோல ஆகிக் கரைந்துபோகும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். வேர் உயிரோடுதான் இருக்கும்! அழுகிய இலையை மட்டும் கிள்ளிவிட்டுச் சில வாரம் தொடாமல் விடுங்கள், புதுத்துளிர் வரும். கடையில் வாங்கும் செடிகள் பலவும் நீருக்கு வெளியே வளர்ந்தவை. அவற்றின் பழைய இலை உதிர்வது இயல்பே.

உரம் என்று சிலர் மாட்டெருவையும் யூரியாவையும் போடுகிறார்கள். அது அம்மோனியாவாகி மீனைக் கொல்லும். கிரிப்டோகோரைன் வேருக்கு மாத்திரை உரம், அனுபியாஸுக்குத் திரவ உரம், அதுவும் அளவாக. புது இலை மஞ்சளானால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. பழைய இலையில் ஊசித்துளை விழுந்தால் பொட்டாசியத்தைப் பாருங்கள். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றினால் போதும், மொத்தமும் மாற்றாதீர்கள்.

எனக்குப் பெரிய வருத்தம் ஊரணி விஷயத்தில்தான். வெட்டிய செடியை ‘பாவம், உயிருள்ளது’ என்று அதில் விடுகிறார்கள். கபோம்பா என்ற நீர்ச்செடியின் சிறு தண்டுத்துண்டு போதும், மறுபடி முளைக்கும். மிதக்கும் செடியான சால்வீனியா நீர்ப்பரப்பையே மூடி, கீழே வெளிச்சம் போகாமல் செய்துவிடும். ஆகாயத்தாமரையும் தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்ததுதான். மழையை நம்பிய இந்தச் சீமையில் ஊரணியைக் கெடுத்துக்கொள்ள முடியுமா? வெட்டிய செடியை மொட்டைமாடியில் சருகாகும்வரை காயவைத்து ரோஜாத்தொட்டி மண்ணில் போடுங்கள். மாற்றிய தண்ணீரையும் அதற்கே ஊற்றுங்கள். ஊரணிக்குப் போகும் வாய்க்காலில் மட்டும் கொட்டாதீர்கள். அந்தத் தண்ணீரில் நத்தை முட்டையும் தண்டுத்துணுக்கும் இருக்கும்.