சாக் லைன் என்னும் எற்றுநூல்

குவில்ட் தைப்பது பற்றிய ஒரு தமிழ்க் குறிப்பில் இப்படி ஒரு வரி கண்ணில் பட்டது: ‘சுண்ணாம்புக் கோட்டை இரு முனையிலும் இழுத்துப் பிடிக்கவும்.’ கோட்டை எப்படி இழுத்துப் பிடிப்பது? எழுதியவர் ‘சாக் லைன்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியிருக்கிறார். சாக் என்றால் சுண்ணாம்பு, லைன் என்றால் கோடு, ஆகவே சுண்ணாம்புக் கோடு. அகராதிப்படி இரண்டுமே சரி. சேர்த்துப் படித்தால்தான் இடிக்கிறது.

சாக் லைன் என்பது ஒரு கருவி. பொடி தடவிய நூல், அவ்வளவுதான். இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சை வைத்து, மூன்றும் நகராதபடி குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டினால் அது குவில்ட். அந்தத் தையல் ஓட வேண்டிய பாதையை நேர்கோடாகத் துணியில் பதிக்க இந்த நூலை விறைப்பாகப் பிடித்து, நடுவில் தூக்கி விடுவார்கள். நூல் துணியில் அடித்த இடத்தில் பொடி கோடாக விழும். பெரிய சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிக் கையால் குவில்ட் தைத்தவர்கள் இப்படியும் கோடு போட்டார்கள். முனைக்கு ஒருவர் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் தெறிப்பார்.

தவறு ‘லைன்’ என்ற சொல்லில் இருக்கிறது. அதன் வேர் லத்தீனில் ‘லினும்’, அதாவது ஆளிச் செடி. அந்தச் செடியின் நாரில் திரித்த நூலுக்கு ‘லினேயா’ என்று பெயர். லினன் துணியும் அந்த வழியில் வந்ததுதான். ஆக, லைன் என்றால் முதலில் நூல்; நூல் போல நேராக இருப்பதால் கோட்டுக்கும் அந்தப் பெயர் பிறகு வந்தது. மீன் பிடிக்கும் நூலை ஆங்கிலத்தில் இன்றும் லைன் என்றுதான் சொல்கிறார்கள். சாக் லைனில் உள்ள லைனும் இந்தப் பழைய பொருளில் நிற்பது. அதைக் கோடு என்று பெயர்த்தால் கருவி மறைந்து அதன் தடம் மட்டும் மிஞ்சுகிறது.

சாக் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்புக் கல்லைக் குறிக்கும் ‘கால்க்ஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கால்சியத்துக்கும் அதுவே வேர். தமிழில் சீமைச் சுண்ணாம்பு என்கிறோம். ஒரு சின்ன வேடிக்கை: தையல்காரர் கையில் இருக்கும் சாக் வில்லை பல சமயம் சுண்ணாம்பே இல்லை. அது டால்க் என்னும் மாவுப் பதமான கனிமம். நம் வீட்டுக் கல்சட்டியைக் குடையும் மாக்கல்லிலும் அந்த டால்க்தான் முக்கியச் சரக்கு.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்? புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. தச்சர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது: எற்றுநூல். எற்றுதல் என்றால் அடித்தல், உதைத்தல், எறிதல். காற்று காத்து ஆனது போல, எற்று பேச்சில் ‘எத்து’ ஆகும். ‘காலால எத்துனான்’ என்கிறோமே, அதே வினைதான். மரத்தில் அடித்துக் குறிபோடும் நூல் எற்றுநூல்.

பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் இந்த நூலைத்தான் உவமையாக எடுக்கிறார்: ‘மரத்தின் கனக்கோட்டம் தீர்க்கும்நூல் அஃதேபோல் மாந்தர் மனக்கோட்டம் தீர்க்கும்நூல் மாண்பு.’ மரத்தின் வளைவைத் தச்சன் நூல் தீர்ப்பதுபோல, மனத்தின் வளைவைப் புலவன் நூல் தீர்க்கும் என்கிறார். நூல் என்ற ஒரே சொல் இழை, புத்தகம் இரண்டுக்கும் பொருந்துவதால் இந்த விளையாட்டு அவருக்குக் கைகூடியது. கோட்டம் என்றால் வளைவு. ‘கோடு’ என்பது வினையாக நின்றால் ‘வளை’ என்றுதான் பொருள். அப்படிப் பார்த்தால் நேராக நிற்பதைக் காட்ட ‘நூல்’ என்பதைவிடப் பாதுகாப்பான சொல் கிடையாது. ‘நூல் பிடிச்ச மாதிரி’ என்று சொல்கிறோமே தவிர, ‘கோடு பிடிச்ச மாதிரி’ என்று யாரும் சொல்வதில்லை.

தச்சர்களும் கொத்தனார்களும் நூல் என்பதை அளவாகவும் வைத்திருக்கிறார்கள். இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். குவில்ட்டில் துண்டுகளை இணைக்க விடும் கால் இஞ்ச் தையல் ஓரம் நம் கணக்கில் 2 நூல். இதை வைத்து ஒரு கணக்குப் போட்டால் எற்றுநூல் ஏன் தேவைப்படுகிறது என்று புரியும். குவில்ட் 90 இஞ்ச் நீளம், கையில் இருப்பது 24 இஞ்ச் ஸ்கேல் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேலை நான்கு முறை வைக்க வேண்டும். ஒரு தடவை அரை டிகிரி சாய்ந்தாலே அதன் மறுமுனை ஒன்றரை நூலுக்கு மேல் விலகிவிடும். அந்தச் சாய்விலேயே அடுத்த முறையும் ஸ்கேலை ஒட்டி வைத்தால் விலகல் கூடிக்கொண்டே போகும். இழுத்துப் பிடித்த நூலுக்கோ இரண்டு முனைகளும் சரியாக இருந்தால் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. தையல்காரர்கள் ‘கிராஸ்’ என்று சொல்லும் மூலைவிட்ட வாக்கில் துணி இழுபடும். நெடுக்கே ஓடும் பாவு இழையும் குறுக்கே ஓடும் ஊடு இழையும் அந்தத் திசையில் விட்டுக்கொடுக்கும். பென்சிலால் கோடு இழுத்தால் முனையோடு துணியும் கொஞ்சம் நகர்ந்து வரும். நூல் துணியை இழுப்பதே இல்லை, மேலிருந்து ஒரு அடி அடித்துவிட்டு விலகிக்கொள்கிறது.

முதன்முதலில் நான் நைலான் நூலில் முயன்று ஏமாந்தேன். வழுவழுப்பில் பொடி நிற்கவே இல்லை. அப்புறம் முறுக்கேறிய தடித்த பருத்தி நூலுக்கு மாறினேன். தெறிக்கும்போது நூலை நேர் செங்குத்தாகத் தூக்க வேண்டும். பக்கவாட்டில் சாய்த்துவிட்டால் கோடு வில்லாக வளையும். நீளம் அதிகமென்றால் நடுவில் கட்டைவிரலால் நூலை அழுத்திக்கொண்டு இரு பாதியையும் தனித்தனியே தெறிப்பது நல்லது. துணி மெத்தென்று இருப்பதால் மரத்தில் விழும் அளவுக்குக் கோடு அழுத்தமாக விழாது. ‘டப்’ என்று சன்னமாக ஒரு சத்தம், கொஞ்சம் புழுதி, கீழே மங்கலாக ஒரு வரி. அது உதிர்வதற்குள் தைத்துவிட வேண்டும், அதனால் ஒரே நேரத்தில் எல்லாக் கோடும் போட்டு வைக்காதீர்கள்.

எழுதும்போது கருவிக்கு எற்றுநூல், செயலுக்கு நூல் அடித்தல் அல்லது நூல் தெறித்தல், துணியில் விழுவதற்குச் சும்மா கோடு என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. ‘எற்றுநூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கித் தெறிக்கவும்.’ கடையில் போய் எற்றுநூல் கொடுங்கள் என்று கேட்டால் முழிப்பார்கள். அங்கே சாக் லைன் என்றே கேளுங்கள். பொடியில் சிவப்பு மட்டும் வேண்டாம். எகிப்தியக் கல்லறைச் சுவர்களில் ஓவியர்கள் காவியில் தோய்த்த நூலைத் தெறித்துப் போட்ட சிவப்புக் கோடுகள் 3000 ஆண்டுகளுக்கு மேலாகியும் இன்னும் போகவில்லை.