அண்டார்டிகாவின் வாசல் ஹோபார்ட்: டாஸ்மேனியாவின் திட்டம் என்ன சொல்கிறது?

அண்டார்டிகா போகும் கப்பல்களும் விமானங்களும் பெரும்பாலும் ஐந்து ஊர்களிலிருந்தே கிளம்புகின்றன. ஹோபார்ட், கிறைஸ்ட்சர்ச், புன்டா அரினாஸ், உஷுவாயா, கேப் டவுன். அங்குள்ள இந்திய ஆய்வு நிலையங்களான மைத்ரிக்கும் பாரதிக்கும் போகும் குழுக்களுக்குக் கேப் டவுன்தான் வழி. ஹோபார்ட்டைத் தலைநகராகக் கொண்ட ஆஸ்திரேலியாவின் தென்கோடித் தீவு மாநிலமான டாஸ்மேனியாவோ, இந்த வாசல் பிழைப்பையே மாநிலத்தின் எதிர்காலமாகத் திட்டமிடுகிறது.

அதற்கான மாநில அரசின் உத்தி 2022 முதல் 2027 வரைக்கானது. அதற்கு மேலே, ஆஸ்திரேலிய மத்திய அரசு 2016இல் வெளியிட்ட 20 ஆண்டுச் செயல்திட்டம் இருக்கிறது. குழப்பம் தொடங்குவது இங்கேதான். பனிக்கண்டத்து நிலையங்களை நடத்துவது மத்திய அரசின் அண்டார்டிக் பிரிவு. அதன் தலைமையகம் 1981 முதல் ஹோபார்ட்டை ஒட்டிய கிங்ஸ்டனில். துறைமுகமோ மாநில அரசு நிறுவனமான டாஸ்போர்ட்ஸ் கையில். கப்பல் ஒருவருடையது, படித்துறை இன்னொருவருடையது.

மாநிலத்தின் உத்தி யார் வங்கிக் கணக்கிலும் பணம் போடும் திட்டம் அல்ல. வெளிநாட்டுக் குழுக்களை ஹோபார்ட்டுக்கு இழுப்பது, உணவுப் பொருள், எரிபொருள், கப்பல் பழுதுபார்ப்பு போன்றவற்றை உள்ளூர்க்காரர்களிடம் வாங்கவைப்பது, ஆய்வு நிறுவனங்களை ஊரிலேயே தக்கவைப்பது ஆகியவைதான் நோக்கம். பிரான்ஸின் அண்டார்டிகா கப்பலான லாஸ்ட்ரோலாப் ஹோபார்ட்டிலிருந்துதான் போய்வருகிறது.

காகிதத்தில் எல்லாம் சரி, நடைமுறையில்தான் சிக்கல். 2021இல் ஆஸ்திரேலியாவின் புதிய பனியுடைப்புக் கப்பல் நுயினா வந்து சேர்ந்தது. 160 மீட்டர் நீளம். எரிபொருள் நிரப்பும் இடம் ஹோபார்ட்டின் டெர்வென்ட் ஆற்றில் டாஸ்மன் பாலத்துக்கு அப்பால். 1975இல் ஒரு சரக்குக் கப்பல் மோதி இடிந்த பாலம் அது. 12 பேர் இறந்தார்கள். நுயினா அதன் அடியில் போவது பாதுகாப்பில்லை என்று 2023இல் துறைமுக அதிகாரி அனுமதி மறுத்தார். எச்சரிக்கையில் தவறில்லை, கப்பலை வரைந்த நாளிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. டீசலுக்காகத் தீவின் வடகரையில் உள்ள பர்னிக்குக் கப்பல் போக வேண்டியதாயிற்று. கூடுதல் செலவு ஆண்டுக்கு சுமார் 9 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று கணக்கிட்டார்கள்.

ஹோபார்ட்டில் நுயினா நிரந்தரமாகக் கட்டி நிற்க வேண்டிய மக்குவாரி படித்துறை இழுபறியும் இதே ரகம். யார் செலவு செய்வது என்ற பேரம் நீண்டு, 2024இல்தான் மத்திய அரசு பணம் தர முன்வந்தது.

வான்வழியில் நிலைமை கொஞ்சம் மேல். கனரக விமானங்கள் முழுச் சுமையோடு கிளம்ப ஹோபார்ட் விமான நிலைய ஓடுபாதையை சுமார் 500 மீட்டர் நீட்டிவிட்டார்கள். ஆனால் மறுமுனையில், அண்டார்டிகாவில் இருக்கும் வில்கின்ஸ் ஓடுபாதை பனிக்கட்டியில் அமைந்தது. நடுக்கோடையில் சில வாரங்கள் மூடித்தான் ஆகவேண்டும். அண்டார்டிகாவில் உள்ள ஆஸ்திரேலியாவின் டேவிஸ் நிலையத்தில் ஆண்டு முழுதும் இயங்கும் காங்கிரீட் ஓடுபாதை போடும் யோசனையை, செலவையும் சுற்றுச்சூழல் பாதிப்பையும் காரணம் காட்டி, 2021இல் மத்திய அரசு கைவிட்டது.